டுட்டு: பாலே பாவாடை குட்டையான கதை

பாலே நடனத்தை ஒரு தடவைகூட முழுசாகப் பார்க்காதவர்களுக்கும் அந்தப் பாவாடையைத் தெரியும். இடுப்பிலிருந்து நேராகப் பக்கவாட்டில் விரிந்து, தொடையில்கூடப் படாமல் அந்தரத்தில் நிற்கிற வெள்ளை நெட் பாவாடை. அதன் பெயர் டுட்டு. நம் ஊரில் பெண் குழந்தைகளின் பிறந்தநாள் ஃபிராக்கில் அடுக்கடுக்காக நெட் வைத்துப் புசுபுசுவென்று தைப்பதும், லெஹங்கா விறைப்பாக நிற்க உள்ளே கேன்கேன் வைப்பதும், சுற்றி வளைத்துப் பார்த்தால் இதே குடும்பம்தான்.

யாரோ ஒரு டிசைனர் ஒரு நாள் உட்கார்ந்து இதை வரைந்து கொடுத்தார் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒரு ஆள் கிடையாது. கணுக்காலுக்குக் கீழே கிடந்த பாவாடை இருநூறு வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. ஏறிய ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இருந்தது: காலில் புதிதாக ஒரு வித்தை வந்திருக்கும், மேடைக்குப் புது விளக்கு வந்திருக்கும், இல்லையென்றால் சந்தைக்குப் புதுத் துணி வந்திருக்கும். அழகு பெரும்பாலும் அப்புறம் வந்து சேர்ந்ததுதான். ஃபேஷன் உலகம் அந்த அழகை மட்டும் எடுத்துக்கொண்டு காரணங்களை விட்டுவிட்டது, அதில் தப்பும் இல்லை. ஆனால் காரணங்கள் தெரிந்தால் இந்தப் பாவாடையைப் பார்க்கிற சுவாரசியமே தனி.

ராஜா ஆடிய காலம்

பாலே இத்தாலிய அரண்மனை விருந்துகளில் பிறந்து பிரான்ஸில் வளர்ந்த கலை. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி வேடிக்கை பார்த்தவர் மட்டுமல்ல, தானே மேடையேறி ஆடியவர். 1653-இல் அவர் சூரியனாக வேஷம் கட்டி ஆடியது பெரிய பேச்சானது. 1661-இல் நடனத்துக்கென்றே ஒரு அரசு அகாடமி தொடங்கினார். பாரிஸ் ஓபரா மேடையில் தொழில்முறைப் பெண் கலைஞர்கள் ஆட வந்தது 1681-இல்தான். அதுவரை அங்கே பெண் வேஷத்தையும் ஆண்களே முகமூடி போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

வந்த பெண்கள் என்ன உடுத்தி ஆடினார்கள்? அரண்மனையில் சீமாட்டிகள் உடுத்துவதைத்தான். இறுக்கிக் கட்டிய மேல்சட்டை, இரண்டு பக்கமும் கூண்டு வைத்து அகலமாக்கிய பாவாடை, தலையில் விக், காலில் ஹீல் செருப்பு. இத்தனையையும் சுமந்துகொண்டு குதிக்கவா முடியும்? அழகாக நடக்கலாம், திரும்பலாம், வணங்கலாம், அவ்வளவுதான். குதித்தாலும் பாவாடைக்குள் நடப்பது யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆண்களுக்கோ அந்தக் காலத்தில் தொடைவரை மட்டும் வருகிற, கம்பி வைத்து விரித்த ஒரு குட்டைப் பாவாடை இருந்தது. ஆக, டுட்டு மாதிரியான வடிவத்தைப் பாலே மேடையில் முதலில் உடுத்தியவர்கள் ஆண்கள்!

மரி காமர்கோ என்ற பெண் 1726-இல் பாரிஸ் ஓபராவுக்கு வந்தார். ஆண்கள் மட்டும் செய்துகொண்டிருந்த வேகமான குதிப்புகளை, அந்தரத்தில் இரு கால்களையும் குறுக்கும் நெடுக்குமாக மாற்றித் தட்டுகிற வித்தையை, அவரும் செய்தார். செய்ததைப் பார்க்கிறவர்கள் பார்க்க வேண்டாமா? பாவாடையைக் கணுக்காலுக்குச் சற்று மேலே தூக்கித் தைத்துக்கொண்டார். சில அங்குலம்தான். அதற்கே ஊர் வாயில் விழுந்தார். டுட்டுவின் கதையை இங்கிருந்து தொடங்குவதுதான் நியாயம் என்பது என் கட்சி, ஏனென்றால் அடுத்த இருநூறு வருஷமும் இதே வழக்குதான் திரும்பத் திரும்ப நடக்கிறது: கால் புதிதாக ஒன்றைச் செய்யும், பாவாடை வழிவிடும், ஊர் திட்டும், அப்புறம் பழகிவிடும்.

காமர்கோவுக்குப் போட்டியாக இருந்த மரி சாலே வேறு மாதிரி. அவருக்கு வித்தையைவிட நடிப்புதான் பிடிக்கும். 1734-இல் லண்டனில் கூண்டுப் பாவாடையையும் விக்கையும் ஓரங்கட்டிவிட்டு, மெல்லிய மஸ்லின் துணியை உடம்பில் சுற்றி, முடியை அவிழ்த்துவிட்டு ஆடினார். பாரிஸில் அப்படி ஆட விட்டிருக்க மாட்டார்கள். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு தெருவிலேயே பெண்களின் உடை லேசாகி, ஹீல் போய்த் தட்டையான செருப்பு வந்துவிட்டதால், மேடையிலும் பழைய சுமை இறங்கியது.

1832: நிலா வெளிச்சத்தில் ஒரு ஆவி

இன்று நாம் டுட்டு என்று சொல்வதன் முதல் வடிவம் மேடையேறிய நாள் துல்லியமாகத் தெரியும்: 1832 மார்ச் 12, பாரிஸ் ஓபரா. நாட்டியத்தின் பெயர் 'லா சில்ஃபீட்'. மனிதன் ஒருவனை மயக்குகிற காற்றுத் தேவதையின் கதை. ஆடியவர் மரி தாலியோனி, நடனம் அமைத்தவர் அவருடைய அப்பா பிலிப்போ. உடையை வரைந்தவர் ஓவியர் யூஜீன் லாமி என்று பொதுவாகச் சொல்வார்கள்.

இறுக்கமான மேல்சட்டை, தோள் வெளியே தெரியும், கீழே முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் நிற்கிற, மணி வடிவத்தில் விரிந்த வெள்ளைப் பாவாடை. பல அடுக்கு, ஆனால் காற்றுப் பட்டாலே மிதக்கிற அடுக்கு. இதற்கு இன்றும் 'ரொமாண்டிக் டுட்டு' என்றுதான் பெயர். தாலியோனி கட்டைவிரல் நுனியில் நின்று ஆடுவதில் கெட்டிக்காரர். அவருக்கு முன்பே சிலர் அதைச் செய்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் செய்தபோது அது சர்க்கஸ் வித்தையாகத் தெரிந்தது, இவர் செய்தபோது தேவதைக்குத் தரையில் கால் பாவவில்லை என்று தோன்றியது. நுனிக்காலில் நிற்கிற பாதம் தெரியாவிட்டால் வித்தையே வீண். அதனால்தான் பாவாடை அந்த உயரத்தில் நின்றது.

இதில் இரண்டு பின்னணிச் சமாச்சாரங்கள் இருக்கின்றன. ஒன்று விளக்கு. பாரிஸ் ஓபராவுக்கு 1822-இல் கேஸ் விளக்கு வந்திருந்தது. மெழுகுவர்த்தியையும் எண்ணெய் விளக்கையும் நினைத்தபோது கூட்டிக் குறைக்க முடியாது. கேஸ் விளக்கைத் திருகினால் போதும். முதல்முறையாக மேடையில் நம்பும்படியான நிலா வெளிச்சம் கிடைத்தது. அந்த நீல மங்கலில் வெள்ளை நெட் போட்ட பெண்கள் கூட்டமாக வந்தால் ஆவிகள் மாதிரியே இருந்தார்கள். 1841-இல் வந்த 'ஜிசெல்' நாட்டியத்தின் இரண்டாம் பகுதி முழுக்கவும் இப்படிப்பட்ட வெள்ளைப் பெண்கள்தான், கல்யாணத்துக்கு முன்பே செத்துப்போன மணப்பெண்களின் ஆவிகள். அந்தக் கதையை எழுதியவர்களில் ஒருவரான தியோஃபில் கோத்தியேவே, ஊரில் எங்கே பார்த்தாலும் வெள்ளை மெல்லிய துணியாக இருக்கிறதே என்று பின்னாளில் பத்திரிகையில் கிண்டலடித்தார்.

இன்னொன்று துணி. கையால் பின்னுகிற வலைத்துணி பணக்காரர்களுக்குத்தான் கட்டுப்படியாகும். இங்கிலாந்தில் ஜான் ஹீத்கோட் என்பவர் 1808, 1809-இல் வலைத்துணியை இயந்திரத்தில் பின்னும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். 1816-இல் இயந்திரங்களை உடைக்கிற லட்டைட் கூட்டம் லஃப்பரோவில் இருந்த அவருடைய ஆலைக்குள் புகுந்து அடித்து நொறுக்கியது. மனுஷர் மூட்டை கட்டிக்கொண்டு தெற்கே டிவர்ட்டன் ஊருக்குப் போய் மறுபடி ஆரம்பித்தார். அவர் வழிவந்த நிறுவனம் இன்னும் அங்கே இருக்கிறது. 2021-இல் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய பெர்சிவியரன்ஸ் ஊர்திக்குப் பாராசூட் துணி நெய்து கொடுத்தது அவர்கள்தான். டுட்டு கதைக்கு இது தேவையா என்றால் தேவையில்லை, ஆனால் சொல்லாமல் விட மனசு வரவில்லை. விஷயம் என்னவென்றால், வலைத்துணி மலிவாகாமல் இருந்திருந்தால், ஒரு மேடையில் இருபது முப்பது பேருக்கு அடுக்கடுக்காக வெள்ளைப் பாவாடை தைத்துக் கொடுக்க எந்த ஓபராவாலும் முடிந்திருக்காது.

நெருப்பு

பருத்தி நெட், அதைவிட மலிவான டார்லட்டன் என்ற துணி, கஞ்சி போட்ட வேட்டி மாதிரி விறைப்பாக நிற்கும். அடுக்குகளுக்கு நடுவே நிறையக் காற்று. சுற்றிலும் திறந்த கேஸ் விளக்குகள். என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

1844-இல் லண்டனில் கிளாரா வெப்ஸ்டர் என்ற நடனக் கலைஞரின் பாவாடை மேடையிலேயே தீப்பிடித்தது. சில நாளில் இறந்துபோனார். 1861-இல் பிலடெல்பியாவில் ஒரு பெண்ணின் உடையில் பிடித்த தீ, அணைக்க ஓடிவந்தவர்களின் உடைக்கும் தாவிப் பலரைக் கொன்றது. எல்லாவற்றிலும் மனதைப் பிசைவது எம்மா லிவ்ரியின் கதை. தாலியோனியின் செல்ல மாணவி. தாலியோனி தன் வாழ்நாளில் அமைத்த ஒரே முழு நாட்டியமான 'வண்ணத்துப்பூச்சி'யை 1860-இல் இவருக்காகத்தான் அமைத்தார். அந்தக் கதையில் வண்ணத்துப்பூச்சி தீயில் சிறகு கருகி விழும்.

அப்போதே தீப்பிடிக்காத துணி இருந்தது. படிகார வகை உப்புக் கரைசலில் முக்கி எடுக்கும் முறை ஒன்றைக் கண்டுபிடித்து, 1859-இல் பாரிஸில் மேடை உடைகளுக்கு அதைக் கட்டாயமும் ஆக்கியிருந்தார்கள். முக்கினால் துணி விறைத்துப்போகும், வெள்ளை மங்கிவிடும், மிதக்காது. மிதக்காத பாவாடையை வைத்துக்கொண்டு தேவதையாக எப்படி ஆடுவது? எனக்கு வழக்கமான பாவாடைதான் வேண்டும், என்ன நடந்தாலும் என் பொறுப்பு என்று எம்மா எழுதியே கொடுத்துவிட்டார். 1862 நவம்பர் 15, ஒத்திகை நாள். தன் முறைக்காக உட்காரும்போது நெட் கசங்காமல் இருக்கப் பாவாடையைத் தூக்கி உதறினார். பக்கத்திலிருந்த கேஸ் விளக்கில் பட்டது. எட்டு மாதம் வலியில் கிடந்து 1863 ஜூலையில் இறந்தார். இருபது வயது. எரிந்து மிஞ்சிய அவருடைய உடையின் துண்டுகளை பாரிஸ் ஓபராவின் அருங்காட்சியகத்தில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பெண்களின் வாழ்க்கை எப்படி இருந்தது என்பதற்கு எட்கர் டெகா வரைந்த படங்களைப் பாருங்கள். மேடையைவிட மேடைக்குப் பின்னால் இருப்பதைத்தான் அதிகம் வரைந்தார்: செருப்பு கட்டுகிற பெண், கொட்டாவி விடுகிற பெண், ஓரத்தில் கருப்புக் கோட்டும் தொப்பியுமாக நின்று பார்க்கிற ஆண். அந்த ஆண்கள் வருஷச் சந்தா கட்டியவர்கள். அவர்களுக்கு மேடைக்குப் பின்னால் வர உரிமை உண்டு, வருவது எதற்கு என்பது ஊரறிந்த ரகசியம். ஏழை வீட்டுச் சிறுமிகள்தான் பெரும்பாலும் ஆட வந்தார்கள். டெகா 1881-இல் காட்சிக்கு வைத்த 'பதினான்கு வயதுச் சின்ன நடனக்காரி' என்ற மெழுகுச் சிலையின் மாடல் மரி வான் கோத்தெம், துணி வெளுக்கும் ஒரு பெண்ணின் மகள். அந்தச் சிலைக்கு நிஜத் துணியில் பாவாடை உடுத்தியிருந்தார். அன்றைக்கு அதுவே பெரிய அதிர்ச்சி. டெகா இறந்த பிறகு அதைப் பார்த்து வெண்கலத்தில் வார்த்த பிரதிகள் பல அருங்காட்சியகங்களில் இருக்கின்றன, துணி நைந்துபோகும்போது புதிதாகத் தைத்துப் போடுகிறார்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2018-இல் தைத்துப் போட்ட புதுப் பாவாடை பழையதைவிட நீளம்.

முழங்காலும் தெரிய வேண்டும்

அடுத்த ஏற்றம் நடந்தது ரஷ்யாவில், நடத்தியவர்கள் இத்தாலியப் பெண்கள். மிலான் பக்கம் பயிற்சி எடுத்தவர்கள் காலில் அபாரப் பலத்தோடு வந்தார்கள். 1885-இல் பீட்டர்ஸ்பர்க் வந்த விர்ஜீனியா ஸுக்கி, அரசு அரங்கின் விதிப்படி நீளமான பாவாடையைக் கொடுத்தபோது, இதெல்லாம் எனக்கு ஆகாது என்று கத்திரியை எடுத்துவிட்டார் என்பது பாலே உலகில் விடாமல் சொல்லப்படுகிற கதை. பியரினா லென்யானி ஒற்றைக் காலில் நின்றபடி, மற்றக் காலைச் சாட்டை மாதிரி வீசி வீசி, தொடர்ந்து 32 சுற்று சுற்றினார். 1895-இல் 'ஸ்வான் லேக்' நாட்டியத்திலும் அதைச் செய்தார். இன்றுவரை கருப்பு அன்னமாக ஆடுகிறவர் அந்த 32-ஐச் சுற்றியாக வேண்டும், ரசிகர்கள் மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருப்பார்கள். இந்த வித்தையில் முழங்கால் மடங்கி நிமிர்வதும், தொடை இடுப்பிலிருந்து வெளிப்பக்கமாகத் திரும்பி நிற்பதும்தான் உயிர். நீளப் பாவாடை அதை மறைக்கும், போதாக்குறைக்குக் காலிலும் சுற்றிக்கொள்ளும்.

ஒன்று கவனியுங்கள். லென்யானியின் புகைப்படங்களில் பாவாடை முழங்காலை ஒட்டித்தான் இருக்கிறது, மணி மாதிரி கீழே சரிந்துதான் நிற்கிறது. நாம் கற்பனை செய்கிற தட்டையான, படுக்கைவசமான டுட்டு அப்போது இல்லை. அது 20-ஆம் நூற்றாண்டில் நடு அடுக்குக்குள் மெல்லிய எஃகு வளையம் கோக்கிற வழக்கம் பரவிய பிறகு வந்தது. பெயரே 'பான்கேக் டுட்டு'. ஆக 'ஸ்வான் லேக்' என்றதும் நம் கண்ணில் வருகிற உடை, அந்த நாட்டியத்தின் புகழ்பெற்ற 1895 மேடையேற்றத்தைவிட வயதில் சின்னது.

நடுவில் ரஷ்ய நடனக் கலைஞர் அன்னா பாவ்லோவா. இரண்டு மூன்று நிமிஷமே ஓடுகிற 'சாகும் அன்னம்' நடனத்தை உலகமெங்கும் ஆடித் திரிந்து, வெள்ளை இறகு ஒட்டிய டுட்டுவை பாலேயின் அடையாளமாக்கியவர் அவர்தான். 1931-இல் சாகும் தறுவாயில்கூட, என் அன்னப்பறவை உடையை எடுத்து வையுங்கள் என்றாராம். இங்கே நமக்கும் ஒரு தொடர்பு வருகிறது. 1928-இல் பம்பாயில் பாவ்லோவாவைப் பார்த்து மயங்கிய ருக்மிணி தேவி அருண்டேல், அவருடைய குழுவைச் சேர்ந்த கிளியோ நார்டியிடம் பாலே கற்றுக்கொண்டார். உங்கள் நாட்டுக் கலையைப் போய்ப் பாருங்கள் என்று பாவ்லோவா சொன்னதும், ருக்மிணி தேவி பரதநாட்டியத்தின் பழைய வடிவமான சதிர் பக்கம் திரும்பியதும், 1936-இல் அடையாறில் கலாக்ஷேத்ரா உருவானதும் தமிழ்நாட்டில் பலருக்குத் தெரிந்த கதை. பரதநாட்டிய உடையின் வடிவத்தையும் வண்ணத்தையும் அவர் எவ்வளவு அக்கறையோடு மாற்றி அமைத்தார் என்பதைப் பார்த்தால், மேடை உடை என்பது ஆட்டத்தின் ஒரு பகுதி என்ற பாடம் பாவ்லோவாவோடு இருந்த பழக்கத்தில் உறுதிப்பட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

பிரித்துப் பார்த்தால்

ஒரு பான்கேக் டுட்டுவைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தால் அது பாவாடையே இல்லை என்று புரியும். அடிப்படை ஒரு ஜட்டி. அந்த ஜட்டியின் மேல் வரிசை வரிசையாக நெட்டைச் சுருக்கி வைத்துத் தைக்கிறார்கள், பத்துப் பன்னிரண்டு வரிசை. தொடைக்குக் கிட்ட இருக்கிற முதல் வரிசை இரண்டு விரல் அகலம்கூட இருக்காது. மேலே போகப் போக அகலம் கூடும். எல்லாவற்றுக்கும் மேலே நாம் பார்க்கிற தட்டு. கீழ் வரிசைகள் மேல் வரிசைகளைத் தாங்கிப் பிடிப்பதால்தான் அது தொங்காமல் நிற்கிறது, வளையம் உதவிக்கு மட்டும். அப்புறம் அடுக்குகளுக்கு நடுவே ஊசியை விட்டு அங்கங்கே தளர்வாகத் தையல் போட்டுக் கட்டுவார்கள். அந்தத் தையல் இறுகினால் பாவாடை பலகை ஆகிவிடும், ரொம்பத் தளர்ந்தால் ஒவ்வொரு அடுக்கும் ஒவ்வொரு திசையில் ஆடும். கை பழகினவர்களுக்குத்தான் வரும்.

மேல்சட்டை தனி. பல துண்டுகளை இணைத்து, உடம்பு முறுக்கினாலும் மூச்சு இழுத்தாலும் இடம் கொடுக்கிற மாதிரி துணியின் நூலோட்டம் பார்த்து வெட்டுவார்கள். அதைப் பாவாடையோடு முழுக்கச் சேர்த்துத் தைக்க மாட்டார்கள், சில இடங்களில் மட்டும் பிடிப்பு. இல்லையென்றால் கையைத் தூக்கும்போதெல்லாம் பாவாடையும் சேர்ந்து தூக்கும். முதுகில் ஜிப் கிடையாது, கொக்கிதான், அதுவும் பக்கம் பக்கமாக இரண்டு மூன்று வரிசை. ஏனென்றால் இன்று ஒருவர் போட்ட உடையை அடுத்த வருஷம் வேறொருவர் போடுவார். உள்ளே பார்த்தால் போட்டவர்களின் பெயர்ச்சீட்டுகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தைத்திருக்கும். துவைப்பது பெரும்பாடு, அதனால் வியர்வை நாற்றத்துக்குத் தண்ணீர் கலந்த வோட்காவைத் தெளிப்பார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, மேடை உடைப் பிரிவுகளில் இது வாடிக்கையான வேலை. தொங்கவிட்டால் தட்டு சரிந்துவிடும் என்பதால் தலைகீழாக மாட்டுவார்கள், அல்லது ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைப்பார்கள்.

கூட ஆடுகிற ஆண்தான் பாவம். அவளை இடுப்பில் பிடித்துச் சுற்ற வேண்டும், ஆனால் தட்டு குறுக்கே நிற்பதால் கிட்டே போக முடியாது, அவள் காலும் கண்ணுக்குத் தெரியாது. அதனாலேயே ஒத்திகையில் வெறும் பயிற்சி டுட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு ஆடிப் பழகுகிறார்கள்.

இந்த வளையத்தைத் தூக்கிப் போட்டவர் பார்பரா கரின்ஸ்கா. கார்கிவ் நகரில் 1886-இல் பிறந்து, சோவியத் நாட்டைவிட்டு வெளியேறி, பாரிஸ், லண்டன் எல்லாம் சுற்றி நியூயார்க் வந்து சேர்ந்த தையல் மேதை. 1948-இல் வந்த 'ஜோன் ஆஃப் ஆர்க்' படத்தின் உடைகளுக்கு இன்னொருவரோடு சேர்ந்து ஆஸ்கரும் வாங்கியவர். பாலன்சின் அமைத்த 'சிம்ஃபனி இன் சி' நாட்டியத்தின் கடைசியில் நாற்பது பேருக்கு மேல் ஒரே நேரத்தில் மேடையில் இருப்பார்கள். வளையம் வைத்த டுட்டு என்றால் ஒருத்தி தட்டு இன்னொருத்தி தட்டில் இடித்து, எல்லாம் ஒரு பக்கம் எகிறி நிற்கும். 1950-இல் கரின்ஸ்கா வளையம் இல்லாமல், அடுக்குகளைக் குறைத்து, மென்மையாக இடுப்பிலிருந்து சரிகிற ஒரு குட்டி டுட்டுவைத் தைத்துக் கொடுத்தார். பவுடர் பஃப் டுட்டு என்று பெயராயிற்று. அமெரிக்க பாலே என்றாலே அந்த உருவம்தான் என்று ஆகிவிட்டது.

தெருவுக்கு வந்தது

ஃபேஷன் கதையை 1832-இலேயே தொடங்கலாம். தாலியோனியைப் பார்த்துப் பாரிஸ் பெண்கள் வெள்ளை மெல்லிய துணிக்கு ஓடினார்கள். ஆனால் பெரிய பாதிப்பு இரண்டாம் உலகப் போரை ஒட்டித்தான். 1947 பிப்ரவரியில் கிறிஸ்டியன் டியோர் காட்டிய 'நியூ லுக்': சிறுத்த இடை, அதிலிருந்து கெஜக்கணக்கில் விரிகிற பாவாடை, உள்ளே நெட் அடுக்கு. துணிக்கு ரேஷன் இருந்த காலத்தில் இவ்வளவு துணியா என்று சண்டைக்கே வந்தார்கள். நேரடியாக டுட்டுவைப் பார்த்து வெட்டினார் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்த இறுகிய மேலும் விரிந்த கீழும் ரொமாண்டிக் டுட்டுவின் உருவமேதான். பாலே நட்சத்திரம் மார்கோ ஃபான்டெய்ன் டியோர் உடைகளைத் தேடி உடுத்தினார், 1955-இல் கல்யாணத்துக்கும் டியோர்தான்.

அதே போர்க் காலத்தில் அமெரிக்காவில் செருப்புக்கும் ரேஷன் வந்தது, பாலே செருப்புக்கு மட்டும் விதிவிலக்கு. கிளேர் மெக்கார்டெல் என்ற டிசைனர் அந்தச் சந்தில் புகுந்தார். நடனச் செருப்பு செய்யும் கபெசியோ நிறுவனத்திடம் பாலே செருப்புக்கு அடியில் கெட்டியான சோல் வைத்துத் தரச் சொன்னார். தெருவில் போடுகிற பாலே ஃபிளாட் இப்படித்தான் அங்கே பரவியது. பிரான்ஸில் ரோஸ் ரெபெட்டோ, நடனக் கலைஞரான தன் மகன் ரோலான் பெத்தியின் சொல்லைக் கேட்டு 1947-இல் செருப்புத் தைக்க ஆரம்பித்தவர், 1956-இல் நடிகை பிரிஜித் பார்தோவுக்கு ஒரு ஜோடி செய்து கொடுத்தார். அது இன்னும் விற்கிறது.

மேடையிலும் சரி, கடையிலும் சரி, நைலான் வந்தபிறகு நெட் விலை சரிந்தது. அதுவரை அடங்கி ஒடுங்கியிருந்த இந்தத் துணியை அப்புறம் வம்புக்கென்றே உடுத்த ஆரம்பித்தார்கள். 1974-இல் நியூயார்க்கில் தொடங்கிய ட்ரோக்கடெரோ என்ற குழுவில் ஆண்கள் மட்டும் டுட்டு உடுத்தி நுனிக்காலில் ஆடுகிறார்கள், சிரிக்கவும் வைக்கிறார்கள், நிஜமாகவே நன்றாகவும் ஆடுகிறார்கள். 1985-இல் விவியன் வெஸ்ட்வுட், விக்டோரியா காலத்துக் கூண்டுப் பாவாடையையும் டுட்டுவையும் கலந்து 'மினி கிரினி' என்ற குட்டைக் கூண்டுப் பாவாடை செய்தார். அதற்குப் பொறி 'பெட்ருஷ்கா' பாலே. மடோனா அதே காலத்தில் நெட் பாவாடையோடு கருப்பு பூட்ஸும் சிலுவைச் சங்கிலியும் போட்டு அதன் பூனைக்குட்டித்தனத்தைப் போக்கிவிட்டார். விக்டர் அண்ட் ரோல்ஃப் என்ற டிசைனர் ஜோடி 2010-க்கான தங்கள் தொகுப்பில் நெட் கவுன்களின் நடுவே பெரிய ஓட்டை போட்டு, ரம்பத்தால் அறுத்த மாதிரி காட்டினார்கள். டுட்டுவின் உள் அடுக்குகளைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வேலையின் நுணுக்கம் முழுசாகப் புரியும்.

பொது ஜனத்தைத் தொட்டது தொலைக்காட்சி. 1998-இல் தொடங்கிய 'செக்ஸ் அண்ட் தி சிட்டி' தொடரின் தொடக்கக் காட்சியில் நாயகி நியூயார்க் தெருவில் வெள்ளை டுட்டுவோடு நடந்து வருவார், பஸ் ஒன்று சேற்றுத் தண்ணீரை வாரி அடிக்கும். உடை அமைத்த பாட்ரிசியா ஃபீல்ட் அந்தப் பாவாடையை ஐந்து டாலர் கழிவுக் கூடையிலிருந்து எடுத்தாராம். 2024 ஜனவரியில் அந்தக் காட்சியோடு தொடர்புடைய டுட்டு ஏலத்தில் 52,000 டாலருக்குப் போனது. எனக்கு அதைவிடப் பிடித்தது 2018 அமெரிக்க ஓபன் டென்னிஸ். பிரெஞ்சு ஓபனில் செரீனா வில்லியம்ஸ் போட்ட உடம்போடு ஒட்டிய கருப்பு உடையை, இனி இப்படி அனுமதிக்க மாட்டோம் என்று அங்கத்திய தலைவர் பேட்டி கொடுத்திருந்தார். அடுத்த சில நாளில் செரீனா விர்ஜில் அப்லோ வடிவமைத்த கருப்பு டுட்டுவில் மைதானத்துக்கு வந்து எதிராளியை வெளுத்து வாங்கினார். கால் முழுக்கச் சுதந்திரமாக ஓட வேண்டும் என்பதற்காகக் குட்டையான பாவாடை, ஓடுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவரிடம் போய்ச் சேர்ந்தது பொருத்தம்தான். 2022-க்குப் பிறகு இன்ஸ்டாகிராமில் 'பாலேகோர்' என்று ஓடுகிற அலையில் ரிப்பனும் ஃபிளாட்டும் கால் உறையுமாக நிறைய வருகிறது, பாதிக்குப் பாதி படம் எடுக்க மட்டும்தான் உதவும்.

இதையெல்லாம் கண்ணால் பார்க்க ஆசையென்றால் யூடியூபில் இந்த வரிசையில் தேடிப் பாருங்கள். முதலில் 'ஜிசெல்' இரண்டாம் பகுதி. குதித்து இறங்கிய பிறகும் பாவாடை ஒரு கணம் தாமதித்து இறங்குவதைக் கவனியுங்கள். அடுத்து 'ஸ்வான் லேக்' கருப்பு அன்னம், அந்த 32 சுற்று. தட்டு எவ்வளவு நடுங்குகிறது என்று பார்த்தாலே ஆடுகிறவர் எவ்வளவு ஸ்திரமாக நிற்கிறார் என்று சொல்லிவிடலாம். பிறகு 'சிம்ஃபனி இன் சி' கடைசிப் பகுதி, ஒரே மேடை நிறைய டுட்டு. கடைசியாக ட்ரோக்கடெரோ குழுவின் 'சாகும் அன்னம்'. அன்னம் செத்துக்கொண்டிருக்கும்போது டுட்டுவிலிருந்து இறகு கொட்டிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் யாராவது தூங்கிக்கொண்டிருந்தால் சத்தமாகச் சிரித்துவிடாதீர்கள்.